ஞாயிற்றுக்கிழமை காட்சி இல்லை

என் வயதுக்காரர்கள் நீங்கள் நாலு பேர் கூடினால் போதும், சின்ன வயதில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறீர்கள். எந்தக் காட்சிக்கு விசில் பறந்தது, எந்தப் பாட்டுக்குக் காசை வீசினார்கள் என்று ஒரே கொண்டாட்டம். பேசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் படம் என்றதுமே வருவது வயிற்றெரிச்சல்தான். நீங்களெல்லாம் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவர்கள். நாங்கள் படத்தையே வாங்கினவர்கள்.

அப்பாவுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் கடை. அவர் சட்டையைக் கொடியில் போட்டால் வீடு முழுக்கப் புகை போட்ட ஷீட்டின் புளித்த வாடை அடிக்கும். சபையில் கமிட்டி மெம்பர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, கையில் தோலட்டை வேதப்புத்தகம். அப்படிப்பட்ட மனிதருக்குச் சினிமா ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. திருநெல்வேலிக்கு லோடு அனுப்பப் போன இடத்தில் ஒரு விநியோகஸ்தரோடு சிநேகம் ஆகியிருக்கிறது. சினிமா வியாபாரத்தில் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்து ஒரே ஏரியா, 'டி.கே.' என்பார்கள். அந்த டி.கே.யில் நம் மாவட்டத்துத் துண்டை மட்டும் வெட்டி, ஒரு பெரிய நடிகரின் பொங்கல் படத்தை அப்பாவின் கையில் வைத்தார் அந்த ஆள். எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி முறை. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேசிய தொகையை முன்கூட்டியே எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வசூலானால் நமக்கு. குறைந்தால் நம் தலையில்.

அந்தத் தொகைக்கு அப்பா எங்கே போனார்? அம்மாவின் விளைக்குத்தான்.

வீட்டுக்குப் பின்னால், ஓடையைத் தாண்டினால் அந்தத் தோட்டம். அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. தென்னை, கொல்லாமரம் என்கிற முந்திரி, நல்லமிளகுக் கொடி ஏறிய பலா. பலாப்பழத்தைச் சக்கை என்போம். அந்த மரத்துத் தேன்வரிக்கைச் சக்கையைப் பிளந்தால் மூன்று வீடு தள்ளி மணக்கும். அதில் தாழ்வாக ஒரு கொம்பு இருந்தது, என் இடம். விளையின் பத்திரத்தை மார்த்தாண்டத்தில் ஒரு வட்டிக்காரரிடம் வைத்துத்தான் எம்.ஜி. கட்டினார் அப்பா. அம்மா கையெழுத்துப் போட்டாள். படம் ஓடினால் பத்திரம் திரும்பி வரும், ஓடாவிட்டால் விளை போகும். இவ்வளவும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ரகசியம் பேசத் தனி அறை கிடையாது.

படப்பெட்டி வந்த அன்று நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். தகரப்பெட்டிக்குள் வட்ட வட்டமாக டப்பாக்கள். தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் நறுக்கிப் போட்ட ஒரு துண்டு பிலிமை அப்பா எனக்குக் கொண்டுவந்து தந்தார். வெயிலுக்கு நேரே பிடித்தால் நடிகர் ஒரே இடத்தில் ஆறு தடவை நிற்பார். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்க்க வரிசை நின்றது. சித்தப்பா மகளும் நின்றாள். என்னைவிட ஒரு வயது இளையவள்.

"அக்கா, ஒருக்கா நான் பிடிச்சுப் பாக்கட்டா?"

"கை நனைஞ்சிருக்கு உனக்கு. தொடப்பிடாது" என்றேன். அவள் கை நனைந்திருக்கவில்லை. அவள் முகம் சுருங்கியதே, அதுதான் அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

படம் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். சாயாவைத் தொடவில்லை.

"கமிட்டியிலும் இருந்துகிட்டு சினிமாவும் ஓட்டினா ஜனங்க என்ன சொல்லுவாங்க? ரெண்டில ஒண்ணை விடுங்க."

அப்பா எழுந்து நின்றார்.  பிறகு, யாரும் கேட்காத ஒரு வாக்கைத் தானாகவே கொடுத்தார்.

"அய்யா, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷோவும் ஓட்டமாட்டேன். கர்த்தருக்க நாளு கர்த்தருக்கு. மத்த ஆறு நாளும் எனக்க கஞ்சிக்கு."

 போதகர் ஜெபம் பண்ணிவிட்டு, ஆறிப்போன சாயாவைக் குடித்துவிட்டுப் போனார். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் பிறகு எப்போதும் பார்த்ததில்லை. சபையும் கையில், சினிமாவும் கையில் என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்த் தியேட்டர் முதலாளி இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவோடு சுவரொட்டி பார்க்கப் போன நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஓய், ஞாயித்துக்கிழமைதான் ஓய் படம்! மத்த நாளு வசூல் கரண்டுக்கே காணாது. எனக்கென்ன, சைக்கிள் ஸ்டாண்டும் வடையும் சாயாவும் வச்சு நான் பிழைச்சிக்கிடுவேன். உமக்க காரியம்லா சொல்லுதேன்!"

"வாக்குக் குடுத்தாச்சு" என்றார் அப்பா.

முதலாளி ஒரு பலகையில் 'ஞாயிற்றுக்கிழமை காட்சி இல்லை' என்று எழுதிக் கேட்டில் தொங்கவிட்டார். இந்த மாவட்டத்தில் எந்தத் தியேட்டரிலும் அப்படி ஒரு பலகை தொங்கியிருக்காது.

முதல் இரண்டு நாளும் கூட்டம் நெரிந்தது. அப்பா கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஞாயிறு. ஓய்வுநாள் பள்ளி முடிந்து நானும் சித்தப்பா மகளும் தியேட்டர் வழியாக வருகிறோம், மலையில் இருந்து எஸ்டேட் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிற ஆட்கள், தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டு, பெண்டு பிள்ளைகளோடு. அவர்களுக்கு லீவே அந்த ஒரு நாள்தான். பலகையைப் படித்தார்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார்.

"இதென்னடே, பள்ளிக்கூடமா நடத்துதான்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் பஸ் ஏறினார்கள். கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, அங்கே தியேட்டர் இருக்கிறது, அங்கே ஞாயிறும் படம் ஓடும்.

அந்த ஆட்கள் வெட்டின பாலில் வந்த ஷீட்டைத்தான் அப்பா நாள் முழுக்க எடை போட்டார். அவர்களுக்கு என்றைக்கு லீவு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஷீட்டுக் கடையில் தெரிந்தது சினிமாக் கொட்டகையில் மறந்துபோயிற்று. அடுத்த ஞாயிறு அவர்கள் இந்தப் பக்கம் இறங்கவே இல்லை. மற்ற நாட்களில் வந்த உள்ளூர்க்காரர்களும் படம் இழுவை என்று பேசத் தொடங்கினார்கள். கடைசி வாரத்தில் ஒரு மேட்னிக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போனார். நான், அம்மா, தரையில் ஏழெட்டுப் பேர், ஒரு நாய். நடிகர் திரையில் பத்துப் பேரை அடித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

லெந்து நாட்கள், தவக்காலம், பிறந்தன. ஈஸ்டர் வரைக்கும் நம் ஆட்கள் இறைச்சி தின்ன மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள், தியேட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். பெட்டி திருநெல்வேலிக்குத் திரும்பிப் போயிற்று.

இப்போது சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு எரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஒரே தம்பி. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கன்வென்ஷன் கூட்டம், கல்யாணம், கிறிஸ்துமஸ் கீதபவனி என்று குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைகிற ஆள். குடும்பத்தில் அவருக்கு மரியாதை கம்மி. அவர் மெட்ராசுக்கு ஆம்ப்ளிபையர் வாங்கப் போனபோது, கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு படக் கம்பெனியில் இயேசுவின் சரித்திரப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். கறுப்பு வெள்ளை, வேறு பாஷையில் இருந்து தமிழ்ப்படுத்தினது, முழுக்கக் கீறல். யாருக்கும் வேண்டாத சரக்கு. அப்பாவைப்போல ஒரு ஏரியாவுக்குச் சில வருஷம் ஓட்டுகிற உரிமை இல்லை. மூலப் பிரதியோடு மொத்த உரிமையும், ஒரு நல்ல மைக் செட்டின் விலைக்கு வாங்கிவந்துவிட்டார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருஷம் அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

"லேய், கடைசியில என்ன ஆகும்னு எல்லாவனுக்கும் தெரியும். தெரிஞ்ச கதைக்கு எவன் டிக்கெட் எடுப்பான்?"

"தெரிஞ்ச கதைன்னுதான் அண்ணா வருவாவ" என்றார் சித்தப்பா.

லெந்தில் தியேட்டர் சும்மாதானே கிடக்கிறது? முதலாளி சொற்ப வாடகைக்குக் கொடுத்தார். சித்தப்பா முதல் வேலையாக என்ன செய்தார் தெரியுமா? கேட்டில் தொங்கிய பலகையைக் கழற்றினார். ஞாயிறு நாலு காட்சி! போதகர் ஆராதனை முடிவில் அறிக்கை வாசிக்கும்போது, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கும் வாலிபர் கூட்டத்துக்கும் நடுவில் இந்தப் படத்தையும் வாசித்தார். "சபையார் குடும்பமாய்ப் போய்ப் பார்த்து ஆசீர்வாதம் பெறும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்." அப்பா கமிட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் காது மடல் சிவந்ததை நான் பாயில் இருந்து பார்த்தேன்.

அடேயப்பா, என்ன கூட்டம்! ஆயுசில் தியேட்டருக்குள் கால் வைக்காதவர்கள் வந்தார்கள். கோயிலென்று நினைத்து வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். தரை டிக்கெட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் முக்காடு போட்டு மறு பக்கம். ரீல் மாற்றுகிற இடைவெளியில் யாராவது ஒரு கீர்த்தனை எடுத்துக்கொடுப்பார்கள், கொட்டகை முழுக்கப் பாடும். கடற்கரைக் கிராமங்களில் இருந்து வேன் பிடித்து வந்தார்கள். பூதப்பாண்டிப் பக்கத்து இந்துக் குடும்பங்களும் வந்து அழுதுவிட்டுப் போயின. எஸ்டேட் ஆட்கள் ஞாயிறு ஞாயிறாக வந்து இறங்கினார்கள், எதிர்ப்பக்கம் ஒருவரும் பஸ் ஏறவில்லை.

நான் வெளியே நின்று பார்த்தேன். உள்ளே போகக் கூடாது என்று அப்பா உத்தரவு.

சித்தப்பா மகள் கவுண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாட்டுப் புத்தகம் விற்றாள். பாட்டுப் புத்தகம், இயேசு படம், ரேடியம் சிலுவை. சித்தப்பாவுக்கு டிக்கெட்டில் வருவது ஒரு வரும்படி, இதில் வருவது இன்னொரு வரும்படி. அந்த ரேடியம் சிலுவை கட்டைவிரல் நீளம், பச்சைப் பால் நிறம். வெயிலில் காட்டிவிட்டு இரண்டு கையையும் குவித்து உள்ளே பார்த்தால் ஒளிரும். அவள் கழுத்தில் ஒன்று கிடந்தது. ஈஸ்டருக்கு எடுத்த லேஸ் பாவாடையை லெந்திலேயே போட்டிருந்தாள், கொழுப்பைப் பாருங்கள்.

"அக்கா, பாக்கியா?" என்று கையைக் குவித்து நீட்டினாள்.

நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் உள்ளங்கைக்குள் அது பச்சையாக எரிந்தது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றவில்லை. அவளுக்கு அது இருக்கக் கூடாது என்று தோன்றியது. இதற்கு நல்ல பெயர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

"இதைவிடப் பெரிசு நாகர்கோவில்ல கிடைக்கும்" என்றேன்.

"அப்படியா அக்கா? அப்பாட்ட சொல்லுதேன், வாங்கியாந்து விப்பாவ" என்றாள்.

வீட்டில் அப்பா தூங்குவதில்லை. ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சாமி படம்தான் ஓடும்னா நானும் ஒரு சாமி படம் எடுக்கேன். அம்மன் படம் ஒண்ணு வருது, ஆடி மாசத்துக்கு. அவன் ஒரு கூட்டத்த வச்சுச் சம்பாதிச்சா நான் அதுக்கு மேல ஒரு கூட்டத்த வச்சுச் சம்பாதிச்சுக் காட்டுதேன்."

"சபையில என்ன சொல்லுவாவ?" என்று அம்மா கேட்டாள்.

"சபை எனக்கு என்ன தந்துது?" என்று கத்தினார் அப்பா. கர்த்தருடைய நாளைக் கர்த்தருக்கே விட்டுக்கொடுத்த மனிதர், மூன்றே மாதத்தில்! தம்பி மேல் வந்த எரிச்சல் அவரை அந்த அளவுக்குக் கொண்டுபோயிற்று. மறுநாளே திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்.

ஈஸ்டர் கழிந்து ஒரு திங்கட்கிழமை, குழித்துறை ரிஜிஸ்டர் ஆபீஸ். அம்மா என்னையும் கூட்டிப்போனாள். வட்டிக்காரர் இருந்தார், சித்தப்பா இருந்தார். அப்பா வரவில்லை. சித்தப்பா வட்டிக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துப் பத்திரத்தை மீட்டார். அம்மா விளையைச் சித்தப்பா பேருக்கு எழுதிக் கொடுத்தாள். அழவில்லை. விரலில் அப்பின மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. "பிறகு பாப்போம் மைனி" என்றார் சித்தப்பா. அம்மா தலையசைத்தாள். அண்ணன் விழுந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டு, பேச்சைப் பார்! என்று நான் பல்லைக் கடித்தேன்.

அந்தச் சக்கைக் காலத்தில் என் பலாக் கொம்பில் சித்தப்பா மகள் உட்கார்ந்தாள். எங்கள் கிணற்றடியில் நின்றால் அவள் கால் ஆடுவது தெரியும். நான் தண்ணீர் கோர வேறு நேரம் பார்த்துப் போனேன். சித்தப்பா வருஷாவருஷம் முதல் சக்கையையும் ஒரு பை நல்லமிளகையும் கொடுத்தனுப்புவார். அப்பா அதை மாட்டுக்குப் போடச் சொல்லுவார். மாடு சக்கையைத் தின்னும். நல்லமிளகை அம்மா எங்கேயோ எடுத்து வைப்பாள்.

அம்மன் படம் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அட்வான்ஸ் இல்லை. அந்தப் படம் நாகர்கோவிலில் வேறொருவர் கையில் ஓகோ என்று ஓடிற்று. அதற்கும் அப்பா தம்பியைத்தான் திட்டினார். "எனக்க விளைய அமுக்கினான், எனக்க யோகத்தையும் அமுக்கிட்டான்." சாகும்வரை இதுதான் பேச்சு. தம்பி வாசலில் வந்து நின்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் அதையே கேட்டு வளர்ந்து, அதையே பேசத் தொடங்கினேன்.

உங்கள் பெரிய நடிகர் படத்துக்கெல்லாம் நாலு வாரம்தான் ஆயுசு. சித்தப்பாவின் படத்துக்கு வருஷாவருஷம் லெந்து வந்தது. தியேட்டர் சலித்தபோது சின்னப் புரொஜெக்டருக்கு ஏற்றபடி பிரிண்ட் போட்டுச் சபை சபையாகக் கொண்டுபோனார். வளைகுடாவில் இருந்து டெக் வந்த காலத்தில் வீடியோ கேசட், பிறகு சி.டி., பிறகு உள்ளூர் கேபிள்காரர்களுக்கு. ஒவ்வொரு தடவையும் 'இத்தோடு முடிந்தது' என்று நான் நினைப்பேன். முடியாது. அவர் காலமானபின் மகள் அதை யூடியூபில் ஏற்றினாள். அந்த விளையில் வீடு கட்டி இருக்கிறாள், பலா நின்ற இடத்தில் கார் நிற்கிறது.

போன பெரிய வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஏழு வார்த்தை ஆராதனை முடிந்து, கஞ்சி குடித்துவிட்டு, அம்மா படம் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்குத் தொண்ணூறு தொடப்போகிறது. காது மந்தம், ஆனால் கண் நன்றாகத் தெரியும். போனைத் தலையணையில் சாய்த்து வைத்தேன். வேறு எந்தப் படமும் வேண்டாமாம், சித்தப்பாவின் அந்தப் படம்தான் வேண்டுமாம். பிலாத்து கைகழுவக் கிண்ணத்தில் கையை விடுகிற நேரம், நகைக்கடன் விளம்பரம் குதித்தது. நான் சட்டென்று தள்ளிவிட்டேன். எப்போதும் தள்ளிவிடுவேன். விளம்பரம் ஓடினால் சித்தப்பா மகளுக்குக் காசு என்று பேரன் சொல்லியிருக்கிறான். என் போனில் இருந்து ஒரு பைசா போகக் கூடாது.

"ஏன் தள்ளுத? ஓடட்டு. அந்தப் பிள்ளைக்கு நாலு காசு கிடைக்கும்லா" என்றாள் அம்மா.

"நம்ம விளையில வீட்டையும் கெட்டிக்கிட்டு, இதும் வேறயா அவளுக்கு?"

அம்மா போனில் இருந்து கண்ணை எடுத்தாள்.

"விளைய எடுத்துக்கன்னு நான்தானே அவனுக்கக் கால்ல விழுந்தேன்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. "எப்ப?"

"உங்கப்பா அம்மன் படத்துக்கு அட்வான்ஸ் பேச திருநெல்வேலி போனாருல்லா, அண்ணைக்கு. வட்டிக்காரன்ட்ட விளைமேலேயே இன்னும் ரூபா கேட்டிருந்தாரு. அது போயிருந்தா அடுத்து இந்த வீடு. ஓடிப்போய் கொழுந்தன்ட்ட சொன்னேன், நீ மீட்டு உனக்க பேருக்கு எழுதிக்கன்னு. அவன் மாட்டேன்னான். மீட்டு உங்க பேர்லயே வச்சுத் தாறேன் மைனின்னான். எனக்க பேர்ல இருந்தா உங்கப்பா நீட்டுத எடத்தில நான் கையெழுத்துப் போடணும். போடமாட்டேன்னு சொல்ல எனக்குத் தெரியாது மக்கா."

"பிறகு திரும்பக் கேட்டிருக்கலாம்லா?"

"கேக்காமலே தந்தான். ரெண்டு மட்டம். உங்கப்பா இருக்கும்போ ஒருக்கா, அவரை அடக்கம் பண்ணின அண்ணைக்கு ஒருக்கா. முதல்ல வாங்கியிருந்தா அவருக்குத் தெரிஞ்சிரும், தம்பி ஏமாத்தல்லன்னு. தோத்துப்போன மனுசன். தம்பி ஏமாத்திட்டான்னு நெனச்சுத்தான் தலை நிமிந்து கடைக்குப் போய்ட்டு வந்தாரு. அதையும் நான் பிடுங்கவா? ரெண்டாம் மட்டம், அந்தப் பிள்ளை வீடு கெட்டத் தொடங்கியாச்சு."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"நீ உங்கப்பாவக் காட்டிலும் எரிஞ்சிட்டிருந்தே. உனக்கிட்ட என்னத்தைச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படத்துக்குத் திரும்பினாள். "அவரு உனக்குன்னு வேற ஒண்ணும் வச்சிட்டுப் போகல்ல. எரியுத அந்தக் கண்ணை மட்டும்தான்."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கஞ்சிச் சட்டியைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்த சட்டி.

மறுநாள் காலையில் சித்தப்பா மகளின் போன். வருஷாவருஷம் கூப்பிடுவாள், நான் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவேன்.

"அக்கா, இந்த வருசம் நம்ம படத்தை நெறைய பேரு பாத்திருக்காவ. கொரியாவில இருந்தெல்லாம் கமெண்ட்டு! பெரியம்மா பாத்தாளா?"

"பாத்தா. சந்தோசம் மக்கா" என்றேன்.

போனை வைத்தேன். வயிறு எரிந்தது. எப்போதும் எரிகிற அதே இடம்தான். எதற்காக எரிகிறது என்றுதான் சொல்லத் தெரியவில்லை.